நுரையீரலில் ஒரு துணுக்கு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

நோயுற்ற உறுப்பிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, நோய் இன்னதென்று உறுதி செய்யும் முறைக்குப் 'பயாப்சி' என்று பெயர். கிரேக்க மொழியில் 'பயோஸ்' என்றால் உயிர். 'ஆப்சிஸ்' என்றால் காட்சி. 1879 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுத் தோல் மருத்துவர் எர்னெஸ்ட் பெனியே இச்சொல்லை வழக்கிற்குக் கொண்டு வந்தார். தமிழில் இதனைத் திசுத் துணுக்கு ஆய்வு எனலாம். தோலிலிருந்தோ கழுத்துக் கட்டியிலிருந்தோ துணுக்கு எடுப்பது எளிது. கையும் கத்தியும் எட்டும் இடங்கள் அவை. நுரையீரல் அத்தகையதன்று. அது காற்றால் நிரம்பியது. ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பது. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து புறப்படும் குருதி முழுவதும் அதன் வழியே சென்றாக வேண்டும். அதன் மேலுறையில் ஓட்டை விழுந்தால் காற்று கசிந்து, நுரையீரலே சுருங்கிவிடக்கூடும். போதாக்குறைக்கு, துணுக்கு எடுக்கப்பட வேண்டிய மனிதர் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பவர். எனவே, எவ்வழியாக எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எடுக்கத்தான் வேண்டுமா என்னும் வினாக்கள் மருத்துவ அறிஞர்களை நெடுங்காலமாக வாட்டி வந்துள்ளன. இடைத்திசு நுரையீரல் நோய்களில் இவ்வினாக்கள் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதையே இக்கட்டுரையில் காண முற்படுகிறேன்.

இடைத்திசு என்பது யாது?

மூச்சுக்குழல் மார்பினுள் இரண்டாகப் பிரிந்து, கிளைக்குள் கிளையாக ஏறத்தாழ 23 முறை கிளைத்து, காற்று நுண்ணறைகளில் சென்று முடிகிறது என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். இந்நுண்ணறைகளின் எண்ணிக்கை 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். அனைத்தையும் பிரித்து விரித்தால் ஏறத்தாழ ஓர் இறகுப்பந்து ஆடுகளத்தை மூடிவிடும். ஒவ்வொரு நுண்ணறையையும் குருதித் தந்துகிகள் வலைபோல் சூழ்ந்துள்ளன. நுண்ணறையின் சுவருக்கும் தந்துகியின் சுவருக்கும் இடையே உள்ள மெல்லிய பகுதியே இடைத்திசு. வளிப்பரிமாற்றம் நிகழும் இடங்களில் காற்றுக்கும் குருதிக்கும் நடுவேயுள்ள முழுத் தடுப்பும் சேர்ந்து 1 மைக்ரானுக்கும் குறைவான தடிமனே உடையது. ஆக்சிஜன் இத்தடுப்பைக் கடந்துதான் குருதியை அடைய வேண்டும்.

இந்தப் பகுதியில் அழற்சி அணுக்கள் வந்து குவிந்தாலோ, நார் அணுக்கள் பெருகிக் கொலாஜன் என்னும் புரதத்தைப் படியவிட்டாலோ, மெல்லிய சுவர் தடித்துவிடுகிறது. நுரையீரல் விறைத்துப்போகிறது. முதலில் மாடிப்படி ஏறும்போது இளைப்பு; பிறகு சமதரையில் நடக்கும்போதே இளைப்பு; சளியற்ற வறட்டு இருமல்; சிலருக்கு விரல் நுனிகள் பருத்துப்போதல். மருத்துவர் முதுகின் அடிப்பகுதியில் கேட்குங்குழாயை வைத்தால், செருப்பின் ஒட்டுப்பட்டையை மெல்லப் பிரிப்பது போன்ற 'கிர்கிர்' ஒலி கேட்கும்.

இடைத்திசு நோய் என்பது ஒரு நோயன்று. 200க்கும் மேற்பட்ட நோய்களின் தொகுதி. கல்நார்த் தூசியாலும், புறா எச்சத்தாலும், பூஞ்சை பிடித்த வைக்கோலாலும், முடக்குவாதத்தாலும், சில மருந்துகளாலும் இது வரலாம். காரணமே தெரியாமலும் வரலாம். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதுதான் இங்குள்ள சிக்கல்.

பெயர் ஏன் வேண்டும்?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த லூயி ஹாமன், ஆர்னால்டு ரிச் என்னும் இருவர், வேகமாக மூச்சடைத்து இறந்த நான்கு நோயாளிகளைப் பற்றி 1944இல் விரிவாக எழுதினர். இந்நோய்களைப் பற்றிய தற்கால ஆய்வு அதிலிருந்து தொடங்குகிறது எனலாம். ஆனால் அந்நான்கு நுரையீரல்களையும் அவர்கள் பார்த்தது பிணப் பரிசோதனையில். நோயாளி உயிரோடிருக்கும்போதே பார்க்க வேண்டாமா? 1949இல் கிளாசன் என்பாரும் அவர்தம் துணைவர்களும், மார்பைச் சிறிதளவே திறந்து துணுக்கு எடுக்கும் முறையை வெளியிட்டனர். இவ்வாறு கிடைத்த துணுக்குகள் சேரச் சேர, அவற்றின் தோற்றங்களில் வேறுபாடுகள் தென்பட்டன. ஏவரில் லீபோ என்னும் நோய்க்குறியியல் அறிஞர் 1969இல் இவற்றை ஐந்து வகையாகப் பிரித்தார். பின்னர் 1994இல் காட்சன்ஸ்டைன் என்னும் அம்மையார் மற்றொரு வகையைச் சேர்த்தார். இன்றைய வகைப்பாடு இவர்கள் இட்ட அடித்தளத்தின் மேல் எழுந்ததே.

வகை பிரிப்பது அறிஞர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணலாம். நானும் முதலில் தாவரங்களுக்குப் பெயரிடுவது போன்றதுதான் இதுவும் என்று கருதினேன். அவ்வாறன்று என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. இத்தொகுதியில் மிகக் கொடியது 'காரணமறியா நுரையீரல் நார்மை' எனப்படுவது. மருந்தில்லாத நிலையில், நோய் அறியப்பட்டபின் பாதிப்பேர் 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் இறந்துவிடுவர். இதற்குப் பல ஆண்டுகளாகப் பிரெட்னிசோன், அசதயோபிரின் என்னும் நோய்எதிர்ப்பை அடக்கும் மருந்துகளும், அவற்றோடு அசிடைல்சிஸ்டீனும் கொடுக்கப்பட்டு வந்தன. அழற்சி மிகுந்த வேறு வகைகளில் முதலிரு மருந்துகளும் நல்ல பலன் தருபவை. ஆகவே இதற்கும் தரும் என்று எல்லோரும் நம்பினர். அமெரிக்காவில் இதனை முறையாகச் சோதித்தபோது, மருந்து பெற்ற 77 பேரில் 8 பேர் இறந்தனர்; வெற்று மாத்திரை பெற்ற 78 பேரில் இறந்தவர் ஒருவரே. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. முடிவு 2012இல் வெளியாயிற்று. ஒரு வகையில் உயிர் காக்கும் மருந்து அடுத்த வகையில் உயிர் வாங்குகிறது. நார்மைக்கு உரிய மருந்துகளாகிய பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் ஆகியவை அமெரிக்காவில் 2014இல் ஒப்புதல் பெற்றன. அவை நோயைப் போக்குவதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கின்றன. ஆகவே, உருப்பெருக்கியின் கீழ் சொல்லப்படும் பெயர் வெறும் பெயரன்று. மருந்துச் சீட்டின் முதல் வரி அது.

மூச்சுக்குழல் வழியே

நுரையீரலுக்கு இயற்கையாகவே ஒரு வாயில் இருக்கிறது. ஜெர்மனியில் ஃபிரைபர்க் நகரின் குஸ்தாவ் கில்லியன் 1897இல் விறைப்பான ஒரு குழாயை வாய் வழியே செலுத்தி, ஒருவரின் மூச்சுக்கிளையில் சிக்கியிருந்த எலும்புத் துண்டை எடுத்தார். இதே வழியில் இடுக்கியை நுழைத்து, பரவலான நுரையீரல் நோய்களில் திசு எடுக்கலாம் என்பதை மேயோ மருத்துவ நிலையத்தைச் சார்ந்த ஆண்டர்சன் குழுவினர் 1965இல் வெளியிட்டனர். அதற்கு அடுத்த ஆண்டு, ஜப்பானின் ஷிகெடோ இகேடா கண்ணாடி இழைகளால் ஆன வளையும் குழாயை உலகுக்குக் காட்டினார். அதன்பின் நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தாமலே மூக்கு வழியாக உள்ளே செல்ல முடிந்தது.

இம்முறையில் இடுக்கியின் நுனி முதலையின் வாயைப் போன்றது. ஊடுகதிர்த் திரையில் பார்த்துக்கொண்டே அதனை நுரையீரலின் விளிம்பை நோக்கித் தள்ளி, வாயைத் திறந்து, மூடி, இழுக்கின்றனர். கிடைப்பது 1 முதல் 3 மில்லிமீட்டர் வரையிலான துணுக்கு. இழுக்கும்போதே நசுங்கியும் போகும். பல முறை எடுத்தால்தான் பார்க்கத்தக்க சில துணுக்குகளாவது கிடைக்கும்.

அளவு சிறியது என்பது மட்டுமன்று. எந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதே இங்கு முக்கியம். இதனைச் சற்று விளக்கியாக வேண்டும். நுரையீரலின் உள்ளமைப்பு சிறுசிறு மடல்களாகப் பிரிந்துள்ளது. ஒரு மடலை ஒரு வயலாகக் கொள்வோம். வயலின் நடுவே வாய்க்கால் ஓடுவதுபோல, மடலின் நடுவில் மூச்சு நுண்குழலும் அதனை ஒட்டித் தமனியும் செல்கின்றன. வயலைச் சுற்றி வரப்பு இருப்பதுபோல, மடலைச் சுற்றி இடைச்சுவர்கள் உள்ளன. சிரைகளும் நிணநாளங்களும் அவ்வழியே ஓடுகின்றன. இடுக்கி எப்போதும் வாய்க்கால் வழியாகவே வருகிறது. ஆகவே அது கிள்ளுவது வாய்க்காலின் கரையை. அதாவது மடலின் நடுப்பகுதியை. சார்காயிடோசிஸ் என்னும் நோயில் சிறுமணிகள் நிணநாளங்களின் போக்கிலேயே, மூச்சுக்கிளைகளை ஒட்டியும் உண்டாகின்றன. எனவே அந்நோயை இடுக்கி எளிதில் பிடித்துவிடும். ஆனால் முன்னர்க் கூறிய கொடிய நார்மை வரப்போரத்திலிருந்தும், நுரையீரலின் மேலுறைக்கு அடியிலிருந்தும் தொடங்கி உள்நோக்கிப் பரவுவது. வாய்க்கால் கரையில் மண் எடுத்து வரப்பில் புற்று இருக்கிறதா என்று எப்படிச் சொல்ல முடியும்?

வேறொரு குறையும் உண்டு. நார்மையை அறிய ஒரே அணுவையோ ஒரே மணியையோ கண்டால் போதாது. நலமான பகுதி, பழைய தழும்பு, புதிதாக நார் அணுக்கள் குவியும் திட்டு, தேன்கூடு போல் சிதைந்த பகுதி ஆகிய யாவும் அடுத்தடுத்து ஒட்டுத்துணி போல் கலந்திருப்பதே அதன் அடையாளம். 2 மில்லிமீட்டர்த் துணுக்கில் ஒட்டுத்துணியின் ஓர் ஒட்டு மட்டுமே தெரியும். ஆதலால், இடுக்கி முறை சிலவற்றுக்குப் போதும், பலவற்றுக்குப் போதாது.

இதே குழாய் வழியாக உப்புநீரைச் செலுத்தி உறிஞ்சி எடுத்து, அதில் வரும் அணுக்களை எண்ணும் 'கழுவுநீர் ஆய்வு'ம் உண்டு. நிணஅணுக்கள் மிகுந்திருந்தால் ஒவ்வாமை அழற்சியின் பக்கம் ஐயம் சாயும். தொற்றுநோய் இல்லை என்பதை உறுதி செய்யவும் இது உதவும். மார்புச் சுவர் வழியே ஊசி குத்தும் முறை 1883இல் லைடன் காலத்திலேயே இருந்தது. அது கட்டிகளுக்குப் பொருந்தும். பரவலான இடைத்திசு நோய்க்கு அதனால் பெரும்பயன் இல்லை.

கத்தியின் வழி

நம்பத்தக்க துணுக்கு வேண்டுமாயின் அறுவை முறையே சிறந்தது என்பது நெடுநாள் கொள்கை. முற்காலத்தில் விலா எலும்புகளுக்கிடையே கீறித் திறந்து எடுத்தனர். 1990களில் ஒளிப்படக் கருவியின் துணையுடன் சிறு துளைகள் வழியே எடுக்கும் முறை பரவியது. மார்புக்குள் கருவி விட்டுப் பார்க்கும் எண்ணம் புதிதன்று. ஸ்வீடனின் ஜாக்கோபியஸ் 1910இலேயே அதனைச் செய்து காட்டியவர்.

நோயாளி முழு மயக்கத்தில் பக்கவாட்டில் படுக்க வைக்கப்படுகிறார். இரு பிரிவுள்ள குழாய் மூச்சுக்குழலில் பொருத்தப்படுகிறது. ஒரு நுரையீரல் மட்டும் மூச்சு விட, மற்றது சுருங்கிக் கிடக்கிறது. இரண்டு அல்லது மூன்று துளைகள் வழியே கருவிகள் செல்கின்றன. நுரையீரலின் ஓரத்தைப் பிடித்து, வெட்டும்போதே தைத்துக்கொண்டும் போகும் கருவியால் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுக்கின்றனர். அது 2, 3 சென்டிமீட்டர் அளவாவது இருக்கும். மேலுறையோடு சேர்ந்து வருவதால் வரப்பும் வாய்க்காலும் ஒருங்கே கிடைக்கின்றன. பின்னர் மார்பில் ஒரு வடிகுழாயை வைத்து மூடுகின்றனர்.

எந்த இடத்தில் எடுப்பது என்பதிலும் நுட்பம் இருக்கிறது. முற்றிலும் கெட்டுப்போன பகுதியை எடுத்தால் வெறும் தழும்புதான் தெரியும்; தழும்பு எந்த நோயினால் வந்தது என்று அது சொல்லாது. முற்றிலும் நலமான இடத்தில் எடுத்தாலும் பயனில்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையே ஏற்றது. மேலும் ஒரே மடலில் எடுத்தால் போதாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பல மடல்களில் துணுக்கு எடுக்கப்பட்ட 109 பேரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஒரு மடல் ஒரு வகையையும் மற்றொரு மடல் வேறொரு வகையையும் காட்டியது. ஏதேனும் ஒரு மடலிலாவது கொடிய வகை இருந்தால், நோயின் போக்கு அக்கொடிய வகையையே பின்பற்றியது.

இனி இதன் விலையைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை இடைத்திசு நோய்க்காகச் செய்யப்பட்ட அறுவைத் துணுக்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 1.7 பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். நிலைமை மோசமான பின் அவசரமாகச் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 16 பேர் இறந்தனர். இங்கு நாம் மறக்கக்கூடாத செய்தி, இது நோயைத் தீர்க்கும் அறுவை அன்று என்பதே. நோயின் பெயரை அறிவதற்காக மட்டுமே செய்யப்படுவது. பெயர் அறிய வந்தவர் உயிரோடு திரும்பாமற் போகலாம்.

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைப் படிப்பறியாதவர் பேச்சு என்று தள்ளிவிடுவது நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்களின் வழக்கம். இடைத்திசு நோய் புற்று அன்று. கத்தியால் அது இடம் விட்டு இடம் பரவுவதில்லை. ஆனால் நார்மை உள்ள சிலருக்கு, அறுவைக்குப்பின் சில நாட்களில் நோய் திடீரெனச் சீறி எழுவது உண்மை. அறுவைக்குப்பின் நேரும் இறப்புகளுக்கு இது முக்கிய காரணங்களுள் ஒன்று. பெரியவர்கள் கூறும் காரணம் தவறு. அவர்கள் அஞ்சும் பொருள் தவறன்று. இதனை நான் நூலிலிருந்து மட்டும் எழுதவில்லை. என் தாய்மாமன் ஒருவர் பதினைந்து ஆண்டுகளாக மொட்டைமாடியில் புறா வளர்த்தவர். இருமலும் இளைப்பும் வந்தபோது, ஓரிடத்தில் காசநோய் என்று பல மாதம் மாத்திரை தந்தனர். பின்னர்ப் பெரிய மருத்துவமனை ஒன்றில் துணுக்கு எடுக்க வேண்டியிருக்கலாம் என்று சம்மதப் படிவத்தைக் கையில் கொடுத்தனர். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. குடும்பத்தில் அதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவனே. 'என்னடா எழுதியிருக்கு மாப்ளே?' என்று மாமா கேட்டார். காற்றுக்கசிவு, குருதிப்போக்கு, நீண்ட நாள் செயற்கை மூச்சு, இறப்பு என்று வரிசையாக இருந்ததைத் தமிழில் சொன்னேன். அத்தை அழுதார். மாமா, 'எடுத்தா என்ன தெரியும், எடுக்காட்டா என்ன தெரியாது, அதைக் கேட்டுட்டு வா' என்றார். இத்துறையில் மாநாடு கூட்டி விவாதிக்கும் அறிஞர்கள் கேட்பதும் இதே வினாதான். இரண்டு நாள் கழித்து மருத்துவர் குழு கூடி, புறாவும் சி.டி. படமும் கழுவுநீரில் இருந்த நிணஅணுக்களும் போதும், துணுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தது. புறாக்கள் வேறு ஊருக்குப் போயின. மாமாவுக்கு இளைப்பு முழுதும் போகவில்லை, கூடவுமில்லை.

உறைய வைத்து எடுத்தல்

இடுக்கி கொண்டுவருவது மிகச் சிறிது. கத்தி கேட்பது மிக அதிகம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா? மூச்சுக்குழலை அடைத்த கட்டிகளை அகற்றக் குளிர்க்கோலைப் பயன்படுத்தி வந்தவர்கள், அதனையே நுரையீரல் திசு எடுக்கவும் பயன்படுத்தலாம் எனக் கண்டனர். ஜெர்மனியில் பாபியாக் என்பாரும் அவர் குழுவினரும் இதனை 2009இல் வெளியிட்டனர்.

இயற்பியல் மாணவர்கள் இங்குச் சற்றுக் கவனிக்க வேண்டும். மிகுந்த அழுத்தத்தில் உள்ள வளி குறுகிய துளை வழியே வெளியேறி விரியும்போது குளிர்கிறது. இது 1852இல் ஜூலும் தாம்சனும் கண்ட விளைவு. தீயணைக்கும் கலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு பீறிடும்போது அதன் வாய் வெண்பனி பூப்பது இதனால்தான். குளிர்க்கோல் என்பது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பருமனுள்ள, வளையக்கூடிய மெல்லிய குழல். அதனுள் கார்பன் டை ஆக்சைடு நுனிவரை சென்று விரிந்து திரும்புகிறது. நுனியின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே பல பத்து பாகைகள் சென்றுவிடும். ஈரக்கையால் பனிப்பெட்டித் தட்டைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிறதன்றோ? அவ்வாறே நுனியைச் சுற்றியுள்ள திசு உறைந்து கோலோடு ஒட்டிக்கொள்கிறது. சில வினாடிகள் கழிந்ததும் வெடுக்கென இழுத்தால், 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள துண்டு நசுங்காமல் வருகிறது. அத்துண்டு குழாயின் உள்வழியைவிடப் பெரிது. ஆகவே குழாய், கோல், துண்டு மூன்றையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும்.

அந்த நொடியில்தான் இடர். கிழிந்த இடத்தில் குருதி பெருகும். பார்க்கும் குழாயோ வெளியே வந்துவிட்டது! இதற்காக, சிறு பலூன் ஒன்றை முன்னதாகவே அம்மூச்சுக்கிளையில் வைத்திருந்து, துண்டை இழுத்தவுடன் ஊதி அடைத்துவிடுகின்றனர். நுனி மேலுறைக்கு மிக அருகில் சென்றால் காற்றுக்கசிவு உண்டாகும்; மிகவும் உள்ளே இருந்தால் பெரிய குருதிக்குழாய் கிழியும். மேலுறையிலிருந்து ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தொலைவு ஏற்றதெனக் கொண்டு, ஊடுகதிர்த் திரையின் துணையால் அளந்து நிறுத்துகின்றனர். அவ்வாறு செய்தும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் காற்றுக்கசிவு நேர்கிறது. இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

இத்துண்டு அறுவைத் துண்டுக்கு நிகராகுமா? இதனை அறிய மிகச் சிறந்த வழி, ஒரே நோயாளியிடம் இரு முறைகளாலும் எடுத்து ஒப்பிடுவதே. 2019இல் இவ்வாறான இரண்டு ஆய்வுகள் வெளியாயின. அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன. இத்தாலி, பிரான்சு நாட்டவர் 21 பேரிடம் ஒப்பிட்டதில், நோய்க்குறியியல் முடிவு 8 பேரிடம் மட்டுமே ஒத்திருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். ஆஸ்திரேலியாவில் ஒன்பது மருத்துவமனைகளைச் சார்ந்தோர் 65 பேரிடம் ஒரே மயக்கத்தில் இரண்டு வகைத் துணுக்குகளையும் எடுத்தனர். எது எம்முறையில் வந்தது என்பதை மறைத்து நோய்க்குறியியலாரிடம் காட்டினர். நூற்றுக்கு 70.8 பேரிடம் திசுத் தோற்றம் ஒத்தது. மருத்துவர் குழு கூடிச் சொன்ன இறுதி முடிவு நூற்றுக்கு 76.9 பேரிடம் ஒத்தது.

என்னை மிகவும் கவர்ந்தது ஆஸ்திரேலிய ஆய்வின் அடுத்த பகுதியே. உறைத்துணுக்கைக் கொண்டு குழுவினர் 'உறுதியாகச் சொல்கிறோம்' என்று கூறியவர்கள் 39 பேர். அவர்களுள் 37 பேருக்கு அறுவைத் துணுக்கும் அதையே சொன்னது. 'உறுதியில்லை' என்று கூறப்பட்ட 26 பேருள் 6 பேருக்கு அறுவைத் துணுக்கு வேறொரு தெளிவான பெயரைத் தந்தது. அப்படியாயின் முதலில் குளிர்க்கோலால் எடுத்துப் பார்ப்பது. தெளிவு கிடைக்காதவர்க்கு மட்டும், அதுவும் தாங்கக்கூடியவர்க்கு மட்டும், கத்தியை நாடுவது என்று ஒரு படிமுறை அமைகிறது. பலரை அறுவையிலிருந்து இது காப்பாற்றும். அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய, இலத்தீன் அமெரிக்க மார்பு மருத்துவக் கழகங்கள் சேர்ந்து 2022இல் வெளியிட்ட நெறிமுறை, பயிற்சி பெற்றவர் உள்ள இடங்களில் குளிர்க்கோல் முறையை அறுவைக்கு மாற்றாகக் கொள்ளலாம் என்றது. 'பயிற்சி பெற்றவர் உள்ள இடங்களில்' என்னும் நிபந்தனையே எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. பலூனை ஊத ஒரு நொடி தாமதித்தால் நடப்பதை எந்தப் புள்ளிவிவரமும் ஈடு செய்யாது. திசுவிலுள்ள மரபணுச் செயற்பாட்டைக் கொண்டு சொல்லலாமா என்னும் முயற்சியும் உண்டு. அதற்கும் இடுக்கித் துணுக்கு வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி அந்நெறிமுறை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கூறவில்லை.

எடுக்காமலே அறிதல்

துணுக்கு எடுக்கும் முறைகள் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், அவற்றின் தேவையைக் குறைக்கும் கருவி ஒன்றும் வளர்ந்தது. நுரையீரலை 1 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் உயர்நுண்மை சி.டி. படம் அது. நுரையீரலின் அடிப்பகுதியில், மேலுறையை ஒட்டி, தேன்கூட்டு அறைகள் வரிசையாகத் தெரியுமாயின், வேறு காரணம் ஏதும் இல்லாதபோது அது காரணமறியா நார்மையே, துணுக்கு தேவையில்லை. முன்பு, தேன்கூடு தெளிவாகத் தெரியாமல் மற்ற அடையாளங்கள் மட்டும் இருந்தவர்க்கும் துணுக்கு எடுக்கலாம் என்றிருந்தது. 2022 நெறிமுறை அவர்களிற் பெரும்பாலோர்க்கும் அது வேண்டியதில்லை என்கிறது. மூச்சியல் மருத்துவர், கதிரியல் மருத்துவர், நோய்க்குறியியலார், மூட்டுவாத மருத்துவர் ஆகியோர் ஒன்றாய் அமர்ந்து, நோயாளியின் தொழிலையும் வீட்டையும் கேட்டறிந்து, படத்தையும் குருதி ஆய்வையும் பார்த்துப் பேசி முடிவெடுப்பதே இப்போது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. துணுக்கு அக்கூட்டத்தில் ஒரு சாட்சி; நீதிபதி அன்று.

நம் நாட்டு நிலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2012 முதல் 2015 வரை இந்தியாவின் 19 நகரங்களில் 27 மருத்துவ மையங்கள் சேர்ந்து 1,084 இடைத்திசு நோயாளிகளைப் பதிவு செய்தன. முடிவு 2017இல் வெளியாயிற்று. துணுக்கு எடுக்கப்பட்டவர்கள் 7.5 விழுக்காட்டினரே. மேலைநாட்டுப் பதிவேடுகளில் காரணமறியா நார்மை முன்னிற்க, இங்கு ஒவ்வாமை அழற்சி 47.3 விழுக்காடாக முதலிடம் பெற்றது. காரணமறியா நார்மை 13.7 விழுக்காடு மட்டுமே. ஒவ்வாமை அழற்சி உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஏர்கூலர் உள்ள இடத்தில் வாழ்ந்தவர்கள். கூலரின் நார்த்திண்டு கோடை முழுதும் ஈரமாகவே இருக்கிறது. அதில் பூஞ்சை வளர்ந்து, அதன் வித்துகளை விசிறி அறை முழுவதும் தூவுகிறது.

இதனைப் படித்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் துணுக்கே எடுக்கவில்லை என்றால், 47.3 என்னும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? கூலர் உள்ள வீட்டில் வாழ்பவர்க்கும் காரணமறியா நார்மை வரலாமன்றோ? எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டதற்கு, 'அந்த ஐயத்தை விட்டுவிடாதே' என்று மட்டும் சொன்னார். பதிவேட்டை நடத்தியவர்களும் இதனை எண்ணியே, உள்ளூர் மருத்துவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரின் தொழில், வீடு, பழக்கம் பற்றிய வினாத்தாளும் குருதி ஆய்வு முடிவும் சி.டி. படமும், துணுக்கு எடுத்திருந்தால் அதன் முடிவும், அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இடைத்திசு நோய் மையத்திற்குச் சென்றன. அங்குள்ள குழு ஒவ்வொன்றையும் மறுபடி ஆராய்ந்து பெயரிட்டது.